மருந்து விளையும் கரிசல்

நித்தியகல்யாணியின் புற்றுநோய் மருந்தை இனி கண்ணாடிக் குடுவையிலேயே உருவாக்கிவிடலாம் என்கிறது அறிவியல். அப்படியானால் கரிசல் காட்டு விவசாயி?

பங்குனி மாதம், காலை ஏழு மணி. விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில், ஆமத்தூரில் பட்டாசு ஆலை வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. தூக்குவாளியும் தண்ணீர் பாட்டிலுமாகப் பெண்கள் ஏறிக்கொள்கிறார்கள். வேன்கள் போய்ப் புழுதி அடங்கிய பிறகு பார்த்தால், சாலையைத் தாண்டி விரிகிறது கரிசல். பருத்தி எடுத்து முடித்த காடு, மக்காச்சோளத் தட்டை, அங்கங்கே வேலிக்கருவேல். இந்த மாவட்டத்தின் மானாவாரிக் காடுகளில் இவற்றுக்கு நடுவே இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்து நிற்கும் இன்னொரு பயிர் உண்டு, நித்தியகல்யாணி. சுடுகாட்டுப் பூ என்று வீட்டில் வைக்கத் தயங்குவார்கள். ஆனால் ஏக்கர் கணக்கில் விதைப்பார்கள்.

இந்தப் பக்கத்தில் 'மருந்து' என்றால் முதலில் நினைவுக்கு வருவது மாத்திரை இல்லை, வெடிமருந்து. மருந்து கலக்கும் அறை, மருந்து செலுத்தும் அறை, மருந்து காயும் மேடை என்று ஊரின் பேச்சே அதைச் சுற்றித்தான். நித்தியகல்யாணி இலையைச் சாக்கில் கட்டி ஏற்றும்போது 'இது எதுக்குப் போகுது?' என்று கேட்டாலும் பதில் அதே சொல்தான்: 'மருந்துக்கு.' எந்த மருந்துக்கு, எந்த நாட்டுக்கு, எவ்வளவு இலைக்கு எவ்வளவு மருந்து என்பது கமிஷன் கடையோடு நின்றுவிடும்.

அந்தச் சாக்கு போய்ச் சேரும் இடத்தில்தான் இப்போது ஒரு மாற்றம் நடக்கிறது. வயல் இல்லாமல், மழை இல்லாமல், செடியே இல்லாமல், செடியின் செல்களை மட்டும் தொட்டியில் வளர்த்து மருந்தை எடுக்கும் முயற்சி உலகம் முழுக்க வேகமெடுத்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் அதற்கென்றே ஓர் ஆய்வுக் குழு இருக்கிறது.

இரண்டரை ஏக்கர், ஒரு கிராம்

நித்தியகல்யாணி இலையிலிருந்து கிடைப்பவை வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் இரண்டு மருந்துகள். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கான கூட்டு சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றும் தவிர்க்க முடியாத ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன.

சிக்கல் அளவில்தான். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டினுக்கோ சுமார் 2,000 கிலோ. மானாவாரியில் ஒரு ஹெக்டேருக்கு, அதாவது இரண்டரை ஏக்கருக்கு, ஏறத்தாழ 2 டன் காய்ந்த இலை கிடைக்கும் என்பது வேளாண் கையேடுகளின் கணக்கு. ஆக, ஒரு குடும்பம் ஐப்பசி மழையை நம்பி விதைத்து, களையெடுத்து, பறித்து, உலர்த்தி, மூட்டை கட்டுகிற மொத்த இலைக்கும் கிடைப்பது ஒரே ஒரு கிராம் வின்கிரிஸ்டின்.

அந்த ஒரு கிராமை அற்பமாக நினைக்க வேண்டாம். வளர்ந்தவர்களுக்கே ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. இரண்டரை ஏக்கர் கரிசல் 500 ஊசிகளுக்குச் சமம்!

இலையோடு கதை முடிவதில்லை. வேரிலிருந்து கிடைக்கும் அஜ்மாலிசின் ரத்த ஓட்டம் தொடர்பான மருந்து. வேருக்குத் தனி விலை. செடியை ஆடு மாடு மேயாது, காட்டுப்பன்றி தொடாது, ஒரு மழை தப்பினாலும் தாங்கும். பட்டாசு ஆலைக் கூலியோடு போட்டிபோட்டு ஆள் தேட வேண்டிய ஊரில், காவல் வேலை குறைந்த பயிர் என்பதே பெரிய விஷயம்.

■ பெட்டிச் செய்தி: சர்க்கரைக்குத் தேடியது, புற்றுக்குக் கிடைத்தது

• நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர் தீவு.

• 1952-ல் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு ஓர் உறையில் இந்த இலை போனது. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதைத் தேநீராகக் குடித்துவந்தார்கள்.

• மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளையணுக்கள் இறங்கின. 'வெள்ளையணு பெருகும் ரத்தப் புற்றுக்கு இது உதவாதா?' என்ற கேள்வி பிறந்தது.

• நோபிளும் சார்லஸ் பீரும் 1958-ல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் வின்கிரிஸ்டின் கிடைத்து, 1963-ல் அனுமதி பெற்றது.

• 1984-ல் சிப்லா நிறுவனம் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தோடு சேர்ந்து இரண்டையும் இந்தியாவிலேயே உருவாக்கியது.

சுகமாக இருந்தால் மருந்து சுரக்காது

செல் வளர்ப்பு என்பது நம் விவசாயிக்கு முற்றிலும் புதிதல்ல. திசு வாழைக் கன்று வாங்கி நட்டவர்கள் இந்த மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அதே தொழில்நுட்பத்தின் இன்னொரு கிளை இது. திசு வாழையில் முழுச் செடியை எழுப்புகிறோம். இங்கே செடி எழும்பவே விடுவதில்லை.

இலைத் துணுக்கு ஒன்றைக் கிருமி நீக்கி, சர்க்கரையும் உப்புச் சத்துகளும் வளர்ச்சி ஹார்மோன்களும் கலந்த ஊட்டக் கூழின் மேல் வைக்கிறார்கள். சில வாரங்களில் இலையும் இல்லாத, வேரும் இல்லாத ஒரு செல் திரள் புடைத்துக்கொண்டு வரும். அதற்குப் பெயர் காலஸ். அதை உதிர்த்துத் திரவத்தில் விட்டுக் குலுக்கினால் செல்கள் தனித்தனியாக மிதந்து பெருகும். குடுவையிலிருந்து பெரிய எஃகுத் தொட்டிக்கு மாற்றிக்கொண்டே போகலாம்.

செல் பெருகுகிறது, மருந்து பெருகுவதில்லை. இதுதான் ஆய்வாளர்களைப் பல பத்தாண்டுகளாகத் தூங்கவிடாத சிக்கல். காரணம் எளிது. செடி இந்த வேதிப்பொருளைச் செய்வது நமக்காக இல்லை, புழுவுக்கும் பூஞ்சைக்கும் எதிராகத் தன்னைக் காத்துக்கொள்ள. வேளாவேளைக்குச் சர்க்கரை, கிருமியே இல்லாத வீடு என்று சுகமாக இருக்கும் செல் எதற்காக விஷம் தயாரிக்கப்போகிறது?

அதனால் செல்லைக் கொஞ்சம் பயமுறுத்துகிறார்கள். செடி காயம்படும்போது தனக்குள் பரப்பும் அபாய அறிவிப்பு ஜாஸ்மோனேட். அதன் சாயலான மெத்தில் ஜாஸ்மோனேட்டை ஊட்டத்தில் சொட்டுவிட்டால், புழு வந்துவிட்டதென நம்பி செல் வேலையைத் தொடங்கும். பூஞ்சைச் சாறு, ஈஸ்ட் சாறு, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், புற ஊதாக் கதிர் எல்லாம் இதே வகைப் பொய்யான அபாய மணிகள்தான். அளவு மிஞ்சினால் செல் செத்துப்போகும். எந்த நாளில், எவ்வளவு என்பதில்தான் கைப்பக்குவம்.

வேறு வழிகளும் உண்டு. மருந்துக்கான மூலப்பொருளைச் சமைத்து ஊட்டலாம். நன்றாகச் சுரக்கும் செல் வரிசையை மட்டும் பொறுக்கி வளர்க்கலாம். முதலில் கொழுக்கவைக்கும் ஊட்டம், பிறகு சுரக்கவைக்கும் ஊட்டம் என இரண்டு கட்டமாகப் பிரிக்கலாம். சுரந்ததை உடனுக்குடன் பிசின் மணிகளால் உறிஞ்சி எடுத்துவிட்டால் செல் தொடர்ந்து சுரக்கும். ஒரு வகை மண் பாக்டீரியாவைக் கொண்டு, முடி போலப் புசுபுசுவென்று வளரும் வேர்களை உண்டாக்கி, வேரில் மட்டும் சுரக்கும் மருந்துகளை எடுக்கலாம்.

கரிசல்காரருக்கு இதில் ஒரு விஷயம் உடனே புரியும். காய்ச்சலும் பாய்ச்சலும் கண்ட செடிக்குத்தான் காரம் அதிகம். உப்பும் வறட்சியும் தந்த நெருக்கடியில் நித்தியகல்யாணி வேரில் அஜ்மாலிசின் கூடுவதை அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஆய்வகம் சொட்டுவிட்டுச் செய்யும் வேலையை, மானாவாரி வானம் இலவசமாகச் செய்கிறது.

சென்னையில் ஒரு கணினி வரைபடம்

சென்னை ஐ.ஐ.டி.யில் ஸ்மிதா ஸ்ரீவத்சவா, கார்த்திக் ராமன் குழுவினரும் மண்டி ஐ.ஐ.டி.யின் ஷ்யாம் மசகப்பள்ளியும் எடுத்துக்கொண்ட செடி வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோத்தபோடைட்டிஸ் என்ற சிறு மரம், மராத்தியில் நரக்யா. அதிலிருந்து வரும் கேம்ப்டோதெசினிலிருந்துதான் டோபோடெக்கான், இரினோடெக்கான் என்ற புற்றுநோய் மருந்துகள் செய்யப்படுகின்றன. ஒரு டன் கேம்ப்டோதெசினுக்கு ஏறத்தாழ 1,000 டன் மரப்பொருள் வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. வெட்டி வெட்டி மரமே அருகிவிட்டது.

அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மரபணுவை மாற்றவில்லை. செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகள் அத்தனையையும் கணினியில் ஒரு வரைபடமாக வரைந்தார்கள். எந்தச் சந்தியில் நெரிசல், எந்தச் சாலையை அகலப்படுத்தினால் சரக்கு வேகமாகப் போகும் என்று கணித்தார்கள். கணினி காட்டிய இடங்களில் ஒன்று ஸ்ட்ரிக்டோசிடின் சின்தேஸ் என்ற நொதி. அதைச் செல்லில் கூடுதலாக உண்டாக்கியதும் மருந்தின் அளவு பல மடங்கு கூடியது. 2023 தொடக்கத்தில் இந்த முடிவை அறிவித்தார்கள்.

ஆமத்தூர் ஏன் இதைக் கவனிக்க வேண்டும்? அந்த நொதிதான் நித்தியகல்யாணிக்கும் வாசல். சர்ப்பகந்தாவுக்கும் அதே வாசல். மலையில் திறந்த கதவின் சாவி கரிசலின் பூட்டுக்கும் பொருந்தும். பொருந்தும் என்றாலும், உள்ளே இன்னும் பல அறைகள் இருக்கின்றன.

இலைக்குள்ளே ஒரு பட்டாசு ஆலை

பட்டாசு ஆலைக்குள் போனவர்களுக்குத் தெரியும். எல்லா வேலையும் ஒரே கூரையின்கீழ் நடக்காது. கலக்கும் அறை தனி, செலுத்தும் அறை தனி, காயவைக்கும் இடம் தனி. அறைக்கும் அறைக்கும் இடைவெளி, ஓர் அறைக்குள் இத்தனை பேர்தான் என்ற கட்டுப்பாடு. சேரக்கூடாதவை சேர்ந்துவிடக்கூடாது என்பதுதான் மொத்த விதிக்கும் சாரம்.

நித்தியகல்யாணி இலையும் இதே விதியில் கட்டப்பட்டதுதான். வின்பிளாஸ்டின் என்பது கேதரந்தின், விண்டோலின் என்ற இரண்டு பொருள்கள் சேர்ந்தது. முதல் சில படிகள் நரம்பை ஒட்டிய செல்களில் நடக்கின்றன. அடுத்தவை மேல்தோலில். கேதரந்தின் இலையின் மெழுகுப் பரப்புக்கு வெளியேற்றப்படுகிறது. விண்டோலினின் கடைசிப் படிகளோ உள்ளேயுள்ள தனிவகைச் செல்களில், வெளிச்சம் பட்டால்தான் நடக்கும். இரண்டையும் செடி வேண்டுமென்றே தள்ளித் தள்ளி வைத்திருக்கிறது. இலையில் வின்பிளாஸ்டின் இவ்வளவு குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது செல் வளர்ப்புக்கு வாருங்கள். அங்கே சுவர்களை இடித்துவிட்டோம். மேல்தோல் இல்லை, நரம்பு இல்லை, அறைகள் இல்லை, எல்லாம் ஒரே கூடம். அதனால் தொட்டியில் வளரும் நித்தியகல்யாணிச் செல்கள் கேதரந்தினைச் சுரக்கின்றன, அஜ்மாலிசினைச் சுரக்கின்றன, விண்டோலினை மட்டும் சுரப்பதில்லை. எத்தனை ஜாஸ்மோனேட் சொட்டினாலும் அந்தக் கடைசி அறை திறப்பதில்லை. கரிசல் விவசாயியை இதுவரை காத்து நிற்பது அரசின் எந்தத் திட்டமும் இல்லை, இலையின் கட்டட அமைப்பு!

■ பெட்டிச் செய்தி: தொட்டி ஜெயித்த இடங்கள்

• ஷிகோனின்: 1983-ல் ஜப்பானின் மிட்சுயி நிறுவனம் செடி செல்களைத் தொட்டியில் வளர்த்து வணிக அளவில் எடுத்த சிவப்பு நிறப் பொருள். வேரில் சேர சில ஆண்டுகள் ஆகும். தொட்டியில் மூன்று வாரம் போதும். உதட்டுச்சாயம் வரை போனது.

• பேக்லிடாக்சல்: மார்பக, சினைப்பைப் புற்றுக்கான மருந்து. முதலில் யூ மரப் பட்டையை உரித்து எடுத்தார்கள். மரம் வளரப் பல பத்தாண்டுகள். இப்போது ஜெர்மனியில் 75,000 லிட்டர் தொட்டிகளில் யூ மரச் செல்களை வளர்க்கிறார்கள். இங்கும் விளைச்சலைக் கூட்டியதில் மெத்தில் ஜாஸ்மோனேட்டுக்குப் பங்குண்டு.

• கேரட் செல்: காச்சர் என்னும் அரிய பரம்பரை நோய்க்கான நொதி, கேரட் செல்களில் உருவாகி 2012-ல் அமெரிக்க அனுமதி பெற்றது.

அவுரி வழியா, ஆர்ட்டெமிசியா வழியா?

இலையின் அந்தக் கடைசி அறை என்றைக்கும் பூட்டியே இருக்காது. 2022-ல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜே கீஸ்லிங் தலைமையிலான குழு வேறு வழியில் வந்தது. செடிச் செல்லை விட்டுவிட்டு, மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டை எடுத்தார்கள். 34 தாவர மரபணுக்கள் உட்பட 56 மாற்றங்கள் செய்து, விண்டோலின், கேதரந்தின் இரண்டையும் ஈஸ்ட்டிலேயே சுரக்கவைத்து, பிறகு வேதிமுறையில் இணைத்து வின்பிளாஸ்டின் எடுத்தார்கள். கிடைத்த அளவு மிகமிகக் குறைவு. ஆனால் முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது.

அப்படியானால் நம் கதி? பழைய கணக்கைப் புரட்டினால் இரண்டு பாதைகள் தெரிகின்றன.

ஒன்று அவுரிப் பாதை. 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முதல் உலகப் போர் தொடங்குவதற்குள், அதே சாயத்தைத் தரும் இந்திய அவுரியின் ஏற்றுமதி சரிந்து விழுந்தது. ஆய்வகம் வென்றது, வயல் தோற்றது.

இன்னொன்று ஆர்ட்டெமிசியாப் பாதை. மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினை ஈஸ்ட்டின் துணையோடு எடுக்கும் வழியைத் திறந்தவரும் இதே கீஸ்லிங்தான். சனோஃபி நிறுவனம் 2013-ல் இத்தாலியில் பெரிய அளவில் உற்பத்தி தொடங்கியது. ஆனால் வயலில் விளைந்த ஆர்ட்டெமிசியா அதைவிட மலிவாகக் கிடைத்தது. 2016-ல் சனோஃபி அந்த ஆலையையே விற்றுவிட்டது. வயல் வென்றது.

நித்தியகல்யாணி எந்தப் பக்கம்? யூ மரம் தோற்றதற்குக் காரணம், அது வளரப் பல பத்தாண்டு ஆகும் என்பது. நித்தியகல்யாணி ஒரே வருடத்துப் பயிர், அதுவும் தண்ணீர் கேட்காத பயிர். எஃகுத் தொட்டியும் கிருமியற்ற அறையும் இரவு பகல் மின்சாரமும் கேட்கும் முறை, வெறும் விலையில் கரிசலை முந்துவது கடினம். இன்றைய நிலையில் இது ஆர்ட்டெமிசியாவின் பக்கம்தான் சாய்கிறது.

ஆனால் விலை மட்டுமே முடிவு செய்வதில்லை. 2019-ல் அமெரிக்காவில் வின்கிரிஸ்டின் தயாரித்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று விலகிக்கொள்ள, மற்றொன்றில் உற்பத்தி தடைபட, குழந்தைகளின் புற்றுநோய்ச் சிகிச்சையே தடுமாறியது. அங்கே தடைபட்டது இலை அல்ல, ஆலை. ஆனாலும் அப்படியொரு அதிர்ச்சிக்குப் பிறகு மருந்து நிறுவனங்கள் மழையையும் தரகரையும் நம்பாத, ஒரே தரத்தில் எப்போதும் கிடைக்கிற மூலத்தைத்தான் தேடும். மூட்டைக்கு மூட்டை தரம் மாறும் சரக்கு என்பதே கரிசல் இலையின் உண்மையான பலவீனம். ஆய்வகம் நம்மைத் தோற்கடித்தால், அங்கேதான் தோற்கடிக்கும்.

இலைக்கும் ஒரு டிகிரி வேண்டும்

பாலுக்குக் கொழுப்புப் பார்த்து விலை. கரும்புக்குச் சர்க்கரைச் சத்துப் பார்த்து விலை. பருத்திக்கு இழை நீளம் பார்த்து விலை. புற்றுநோய் மருந்து தரும் இலைக்கு மட்டும் வெறும் எடை பார்த்து விலை! நிழலில் உலர்த்தி, மண் தட்டி, பூஞ்சை வராமல் காத்தவருக்கும், வெயிலில் கருகவிட்டு மண்ணோடு கட்டியவருக்கும் தராசு ஒன்றுதான் சொல்கிறது. பிறகு யார் தரத்துக்கு மெனக்கெடுவார்கள்?

மல்லிக்கும் மிளகாய்க்கும் பருப்புக்கும் பெயர்போன சந்தை விருதுநகர். அங்கே இலையில் உள்ள ஆல்கலாய்டு என்னும் மருந்துப்பொருளின் அளவைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்று வந்துவிட்டால், கரிசலின் பலவீனம் பலமாகிவிடும். மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கமும் உயிரித்தொழில்நுட்பம் படித்த பிள்ளைகளை வருடந்தோறும் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. வேலைக்குப் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போகிறவர்களுக்கு ஊர்ப் பக்கமே வேலை கிடைக்கும். லக்னோவின் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனம் நிர்மல், தவல் போன்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது. அவை இந்த மண்ணுக்கு எப்படி என்று சோதித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு வேளாண் பல்கலைக்கழகத்துக்கு உண்டு.

தொட்டியையும் எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை. தொட்டியால் முடிவது கேதரந்தின். முடியாதது விண்டோலின். இலையிலோ விண்டோலின் தாராளம். வயலிலிருந்து விண்டோலின், தொட்டியிலிருந்து கேதரந்தின், இரண்டையும் ஆலையில் இணைத்து மருந்து என்பது 1980-களிலிருந்தே பேசப்படும் யோசனை. வயலும் வேண்டும், குடுவையும் வேண்டும் என்ற அந்தக் கூட்டுக்கு, இலை விளையும் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் எது? மூட்டையாக ஏற்றிவிடுகிற இலையை இங்கேயே சாறாக்கி அனுப்பினாலே லாபத்தில் ஒரு பங்கு ஊரில் நிற்கும்.

■ பெட்டிச் செய்தி: வீட்டு வைத்தியம் வேண்டாம்

சர்க்கரை குறையும் என்று நித்தியகல்யாணி இலையையோ பூவையோ மென்று தின்பவர்களும் கஷாயம் வைத்துக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த மருந்துகள் செல் பிரிவதையே நிறுத்துபவை. வெள்ளையணுக்களைக் குறைக்கும், நரம்பைப் பாதிக்கும். மருத்துவமனையில் மில்லிகிராம் கணக்குப் பார்த்து, ரத்தக்குழாய் வழியாக மட்டும் ஏற்றுகிறார்கள். செடியை முற்றத்தில் அழகுக்கு வையுங்கள், அடுப்பில் வைக்காதீர்கள்.

மாலை ஆறு மணிக்கு ஆலை வேன்கள் திரும்பி வருகின்றன. வெடிமருந்து எந்த அறையில், எவ்வளவு, எத்தனை பேர் என்று கணக்கெடுக்க இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது, அதிகாரி இருக்கிறார், பதிவேடு இருக்கிறது. உயிர்மருந்து எந்தக் காட்டில், எந்தத் தரத்தில் விளைகிறது என்று பார்க்க யாரும் இல்லை. இலைக்குள் இருக்கும் அந்தக் கடைசி அறையின் பூட்டு நமக்குக் கொஞ்ச கால அவகாசம் தந்திருக்கிறது. அது திறக்கும் முன், தமிழக வேளாண் துறை விருதுநகர் சந்தையில் ஒரு பரிசோதனைக் கூடத்தைத் திறக்கட்டும்.